விரல் நீட்டியதெல்லாம் வந்த தெரு

பங்குனியில் ஒரு காலை, கோகிலவாணியின் மகள் தன்ஷிகா, பதினோரு மாதக் குழந்தை, அம்மா தறி ஓட்டும் அத்தப்பன் பட்டறையின் மூலையில் கட்டியிருந்த சேலைத் தொட்டிலிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டி, பிறந்ததிலிருந்து மூடியே இருந்த கையிலிருந்து ஆள்காட்டி விரலைத் தனியாகப் பிரித்தெடுத்து, எதிர்ச்சாரியில் இருந்த பீரான் பாயின் டீக்கடையை நோக்கி நீட்டினாள். உடனே அங்கிருந்த பாய்லர் எழுந்து வந்தது. தணலோடும் ஆவியோடும், தலையில் கவிழ்த்து வைத்த டம்ளர்களில் ஒன்றுகூடச் சரியாமல், சாக்கடையை ஒரே எட்டில் தாண்டி, நடுத்தெருவில் ஒரு மொபெட்டுக்கு ஒதுங்கி வழிவிட்டு, பட்டறை வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் சித்தெ தயங்கி, பிறகு உள்ளே வந்து தொட்டிலுக்கு அருகே நின்றது. பின்னாலேயே வடிகட்டியும் கையுமாக வந்த பீரான் பாய் ஒரு முறை பாய்லரையும் ஒரு முறை குழந்தையையும் பார்த்துவிட்டு, "இனிமே கடை இங்கதான்னா, பெஞ்சைத் தூக்கிட்டு வரட்டுங்களா?" என்று கேட்டார்.

அவர் கேட்டது யாருக்கும் காதில் விழவில்லை, ஏனென்றால் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. கரட்டுப்பாளையத்தின் நாலாவது தெருவில் விடிந்ததிலிருந்து பொழுது அடையும் வரை, அடைந்ததிலிருந்து விடியும் வரை விசைத்தறிகள் ஓடுகின்றன, அவை ஓடுகிற வரை வாயால் பேசுவது வீண், ஆகவே எங்கள் பட்டறைகளுக்கென்று கையால் பேசுகிற ஒரு பாஷை உண்டு: உள்ளங்கையைக் கவிழ்த்தால் நிறுத்து, காதைத் தொட்டால் முதலாளி வருகிறார், விரலை நீட்டினால் அதைக் கொண்டு வா. ஊடை நூல் சுற்றிய தார் தீர்ந்துபோனால் தறிக்காரி தலையைத் திருப்பமாட்டாள், திருப்பினால் அதற்குள் ஓர் இழை அறுந்துவிடும், பெட்டி இருக்கும் பக்கம் விரலை நீட்டுவாள், யாராவது கொண்டுவந்து போடுவார்கள். இப்படியே நீட்டி நீட்டி, கொண்டுவந்து கொண்டுவந்து, முப்பது நாற்பது வருஷம் போன ஒரு தெருவில், பாய்லருக்கும் அந்தப் பாஷை புரிந்துவிட்டதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்றுதான் நாங்கள் நினைத்தோம். அதிகபட்சம், டீக்குடிக்கப் போகிற நடை மிச்சம் என்று சந்தோஷப்பட்டோம்.

அடுத்தடுத்த நாட்களில் பூக்காரம்மாவின் கூடை வந்தது, அதை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்த பூக்காரம்மாவும் வந்தாள். ஒரு வெள்ளாடு வந்தது, அதைக் கட்டியிருந்த முளைக்குச்சியும் வந்தது. மாரியம்மன் கோயில் மேடையிலிருந்த வேப்பமரம், வேரைப் பெண்கள் சேலை தூக்குவதுபோல் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு, மேலே இருந்த காக்கைக் கூடு கலையாதபடிக்கு மெதுவாக வந்து பட்டறை ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றபோது, தெருவில் இருந்த எல்லோரும் முதலில் கவனித்தது, அட, இந்தப் பக்கம் நிழல் வந்துவிட்டது என்பதைத்தான். பத்து நாளைக்கு ஒரு முறை எட்டிப்பார்த்துவிட்டுப் போகும் குடிதண்ணீர் லாரி, முனையில் திரும்பும்போது தன்ஷிகாவின் விரலில் மாட்டி, டிரைவர் பிரேக்கை மிதிக்க மிதிக்க வந்து நின்று காலியாகிவிட்டுத்தான் போனது. அதற்குப் பிறகு தொட்டிலை எந்தப் பக்கம் பார்த்துக் கட்டுவது என்பதில் தெருவே ரெண்டுபட்டது.

"ஏனுங் கோகிலா, இன்னைக்கு என்ற மகளைப் பொண்ணு பார்க்க வராங்கொ, வண்டி பவானியிலயே நின்னுபோச்சாம். சித்தெ அம்மிணியை அந்தப் பக்கமாத் திருப்பி உக்கார வைக்கிறது."

"நேத்தே உங்க கிரைண்டரைக் கொண்டாரத் திருப்பியாச்சுங்க அக்கா. இன்னைக்குக் கோடிவீட்டுக்காரங்க முறை."

தன்ஷிகாவின் அப்பன் ரகுபதி ராத்திரி ஷிப்டுக்காரன், பகலெல்லாம் தூங்குவான், விழித்திருக்கிற கொஞ்ச நேரத்தில் அவனுக்கு ஒரே யோசனைதான்: "இவளைத் தோள்ல வச்சுட்டு ஈரோட்டுக் கடைவீதிப் பக்கம் ஒரு நடை போய்ட்டு வந்தா என்ன?" கோகிலா பார்த்துக்கொண்டிருந்தது வேறொன்றை. எது வந்தாலும் குழந்தை அழுதாள். பாய்லர் வந்தபோது அழுதாள், கூடைக்கு அழுதாள், ஆடு முகத்தோடு முகம் வைத்து மோந்தபோது தேம்பித் தேம்பி அழுதாள். பிடித்தது இதில்லை போல, வேறு எதுவோ வேண்டும் என்கிறாள் போல என்று நாங்கள் அவளை வேறு பக்கம் திருப்பினோம், அவள் மறுபடி விரல் நீட்டினாள், மறுபடி ஏதோ வந்தது, மறுபடி அழுதாள்.

வியாழக்கிழமைகளில் சுகிர்தா டீச்சர் ஸ்கூட்டியில் வருவாள். மூன்று வயதுக்குள் உள்ள குழந்தைகளின் வீடுகளுக்குப் போய், குழந்தை என்ன செய்கிறது, பெற்றவர்கள் அதோடு எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்து, விளையாடச் சொல்லிக்கொடுத்து, அம்மாக்களின் புலம்பலையும் கேட்டுவிட்டுப் போவது அவள் வேலை. பை நிறையக் கிலுகிலுப்பையும் மரக்கட்டைகளும் இருக்கும். குழந்தை வளர்ச்சியில் தபால் வழியாகப் படித்துக்கொண்டும் இருந்தாள். வேப்பமரத்தைச் சுற்றிக்கொண்டு, ஆட்டைத் தாண்டி, பாய்லரில் இடுப்பைச் சுட்டுக்கொண்டு உள்ளே வந்தவள், தன்ஷிகா விரல் நீட்டியதைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டுவிட்டுக் கோகிலாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, புள்ள விரல் நீட்டுறா."

"ஆமாங்க டீச்சர், மரமே வந்துருச்சு."

"மரம் கிடக்குதுங்க. விரல் நீட்டுறா பாருங்க, நீட்டிட்டு உங்க மூஞ்சியைப் பாக்குறா பாருங்க. பேச்சுக்கு முன்னாடி இதுதான் வரணும். எத்தனை வீட்டுல இதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கேன் தெரியுமா?"

"நீட்டறா சரிங்க. நகரமாட்டேங்கறாளே," என்றாள் கோகிலா.

அதுதான் அவள் கவலை. சித்திரை போய் வைகாசியில் முதல் பிறந்தநாளும் வந்துபோனது, ஊதிய மெழுகுவர்த்திகூடக் கேக்கிலிருந்து இறங்கித் தானாகத்தான் அவளிடம் வந்தது, ஆனால் தன்ஷிகா தவழவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அதே மாதம் பிறந்த பக்கத்துத் தெருக் குழந்தைகளெல்லாம் முட்டி கறுக்கத் தவழ்ந்து, சுவரைப் பிடித்து நின்று, ஒன்றிரண்டு நடக்கவும் தொடங்கிவிட்டன. எல்லாம் தன்னிடம் வந்துவிடுகிற குழந்தை எதற்காக நகர வேண்டும், எதற்காகத்தான் பேச வேண்டும் என்று கோகிலா தறியில் நின்றபடி யோசிப்பாள், யோசிக்கிறபோது இழை அறும், அத்தப்பன் பார்ப்பார், அவள் முடிச்சுப் போடுவாள். சுகிர்தா காலில் எண்ணெய் தேய்த்துக் காட்டினாள், கட்டையை எட்டாத தூரத்தில் வைத்து ஆசை காட்டச் சொன்னாள்; கட்டை எட்டாத தூரத்தில் ஒரு நிமிஷம்கூட இருக்கவில்லை.

ஆனியில் ஒரு நாள் அவள் ஒன்பதாம் நம்பர் தறியை நோக்கி விரல் நீட்டினாள். பெல்ட்டும் பாவுமாகத் தறி கிளம்பி வந்ததில், அதில் நெய்துகொண்டிருந்த பெண்ணும் ஊடையோடு ஓடும் நாடாவிலிருந்து கண்ணை எடுக்காமல் கூடவே நெய்துகொண்டு வந்தாள். முதலாளி அத்தப்பன் தெருவில் முதல் பட்டறை போட்டவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். தறியைத் தள்ளி வைக்க நாலு ஆளைக் கூப்பிட்டு, காதிலிருந்த பஞ்சைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆடி பிறந்து இரண்டு வாரம் போனது. மேலே அணையைத் திறந்துவிட்டார்கள் என்று சொன்னார்கள். பாவு நூல் காயப்போட மொட்டை மாடிக்குப் போன கோகிலா, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். மாடியிலிருந்து பார்த்தால் வீடுகளுக்கும் தென்னைகளுக்கும் அப்பால் காவிரி தெரியும், சுண்டக் காய்ச்சிய டீயின் நிறத்தில், கரைக்குக் கரை நிரம்பி. கோகிலா நூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்ஷிகா ஆற்றைப் பார்த்தாள், நெடுநேரம் பார்த்தாள், பிறகு விரலை நீட்டினாள்.

ஆறு வந்தது. அவசரமில்லாமல், ஒரு பெரிய வீட்டு மருமகள் முதன்முதலாகச் சந்தைக்கு வருவதுபோல் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, சந்தைப்பேட்டை வழியாக வந்து, ரேஷன் கடை முக்கில் திரும்பி, நாலாவது தெருவில் நுழைந்து, கணுக்கால் ஆழத்தில் ஓடத் தொடங்கியது. கெண்டைக்குஞ்சுகள் கேஸ் சிலிண்டர்களுக்கு நடுவே புகுந்து போயின. அதற்கும் நாங்கள் அசரவில்லை. அடுத்த நாளே பதினெட்டாம் பெருக்கு. ஆற்றுக்குப் போகிற ஆட்டோவும் நெரிசலும் மிச்சம் என்று பெண்கள் அவரவர் வாசல்படியிலேயே மஞ்சளும் காதோலைக் கருகமணியும் வைத்துக் கும்பிட்டு, சித்திரான்னங்களைப் பிசைந்து, காலை ஆற்றில் விட்டபடி சாப்பிட்டார்கள். பீரான் பாய் பேன்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு டீ ஆற்றினார். அக்கம்பக்கத்துத் தெருக்காரர்கள் பொறாமையோடு வந்து குளித்துவிட்டுப் போனார்கள். அத்தனை சிரிப்பு அந்தத் தெருவில் அதற்கு முன்பு கேட்டதில்லை, கேட்டிருக்கவும் முடியாது, தறிச் சத்தத்தில்.

மறுநாள் தண்ணீர் பட்டறைகளுக்குள் ஏறி மோட்டார்களைத் தொட்டது. மின்வாரியத்து ஆள் வந்து பார்த்துவிட்டு, டிரான்ஸ்பார்மரை அணைத்துவிட்டு, ஆறு இறங்கும் வரைக்கும் கரண்ட் கிடையாது என்று சொல்லிவிட்டு நீந்துவதுபோல் கைகளை வீசிக்கொண்டு போனார். தறி ஓடாவிட்டால் தெருவில் அடுப்பு எரியாது. சாயங்காலம் வேப்பமரத்தடியில் முழங்கால் தண்ணீரில் நின்றபடி தெருவே கூடியது. யாரும் குழந்தையைக் குற்றம் சொல்லவில்லை, அதுதான் கோகிலாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அத்தப்பன்தான் கடைசியில் சொன்னார். "வெரலை மட்டும் கட்டிரலாம் கண்ணு. துணிதான். நோவாது. நாளைக்கு மலையைக் காட்டிருச்சுன்னா வெச்சுக்க, நாம எங்க போறது? அதுக்கும் மனசில்லைன்னா, வேற ஊருல பட்டறை இருக்குது, நானே சொல்லி உடறேன்."

கோகிலா வீட்டுக்குப் போய், தான் நெய்த துண்டிலேயே ஓரத்தைக் கிழித்து, குழந்தையின் வலது கையை முஷ்டியாக மூடிக் கட்டினாள், யோசித்துவிட்டு இடது கையையும் கட்டினாள். தன்ஷிகா அழவில்லை. கட்டிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு, எதிரே சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. பால் குடிக்கும்போது தாயின் முகத்தைப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு உண்டு, அதுவும் நின்றுபோனது. தெருவில் எதுவும் வரவில்லை. ஆறு மட்டும் போகாமல் நின்றது.

அந்த வியாழக்கிழமை சுகிர்தா ஸ்கூட்டியை முக்கிலேயே விட்டுவிட்டு, பையைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் வந்தாள். கட்டைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"அக்கா, இதை அவிழ்த்துடுங்க."

"ஆத்தைத் திருப்பி அனுப்ப உங்க புஸ்தகத்துல வழி இருக்குதுங்களா?"

"இல்லை. ஆனா விரலைக் கட்டினா பேச்சையும் சேர்த்துக் கட்டுறோம். நான் இங்க இருக்கிற வரைக்குமாவது அவிழுங்க. எதாவது வந்தா நான் தள்ளிட்டுப் போறேன்."

கோகிலா அவிழ்த்தாள். கட்டில்மேல் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள், கீழே ஆறு ஓடிக்கொண்டிருந்தது. தறி இல்லை, இழை இல்லை, கண்ணை வைத்திருக்க வேண்டிய துணி இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்குப் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாமல் போனது அன்றைக்குத்தான். கூரையில் ஓட்டை வழியாக வெயில் கம்பிபோல் இறங்கியது. அதில் பட்டறைப் பஞ்சு மிதந்துகொண்டிருந்தது. தன்ஷிகா சிவந்துபோன விரலை மெதுவாகப் பிரித்து, அதை நோக்கி நீட்டினாள், நீட்டிவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

வேறு வேலை இல்லாததால் கோகிலாவும் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "ஆமாஞ் சாமி," என்றாள். "பஞ்சு பறக்குது. எப்படி மினுங்குது பாரு."

குழந்தை சிரித்தாள். பஞ்சு இருந்த இடத்திலேயே மிதந்தது.

தன்ஷிகா ஜன்னலுக்குத் திரும்பி, தண்ணீருக்கு மேல் தட்டாரப்பூச்சி ஒன்றைக் காட்டினாள். "தட்டானுங்க, செகப்புத் தட்டான்," என்றாள் கோகிலா அவசரமாக. தட்டான் தன் போக்கில் போனது. குழந்தை கிழவனைப்போல் குலுங்கிச் சிரித்தாள். சுகிர்தா பையை மடியில் இறுக்கிக்கொண்டு, "கேட்கலைக்கா," என்றாள். "இத்தனை நாளும் அவ எதையுமே கேட்கலை. காட்டியிருக்கா. நாமளும் பாக்கணும்னு. விரல் நீட்டுறதுல ரெண்டும் உண்டுன்னு பரீட்சையில எழுதி மார்க் வாங்கியிருக்கேன், மரம் வந்து நின்னதும் மறந்து தொலைச்சேன்."

கொண்டு வா என்பதைத் தவிர விரலுக்கு வேறு அர்த்தம் தெரியாத ஒரு தெருவில், பார் என்று ஒருத்தி ஐந்து மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

செய்தி அரை மணி நேரத்தில் தெரு முழுக்கப் போனது. கரண்ட் இல்லாததால் வாயால் சொல்ல முடிந்தது. முதலில் மொட்டை மாடிக்குத்தான் போனோம், அத்தப்பன் உட்பட, பொண்ணைப் பிடித்துப்போய்ப் பெருக்கு விருந்துக்கு வந்து, வண்டி ஆற்றில் மாட்டியதால் திரும்பிப் போக முடியாமல் இருந்த மாப்பிள்ளை வீட்டார் உட்பட. தன்ஷிகா கீழே ஓடுகிற ஆற்றை நோக்கி விரல் நீட்டினாள். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். முறையாகச் சொல்ல யாருக்கும் தெரியவில்லை, முதல் தடவை அல்லவா. ஒருவர் "ஆமா, ஆறு" என்றார், ஒருவர் "எவ்வளவு தண்ணி" என்றார், மாப்பிள்ளையின் தாய்மாமன் "கெண்டை துள்ளுது பாரு கண்ணு, அதோ, அதோ" என்று தன்னை மறந்து கத்தினார். வந்த விருந்தாளியை வாங்க என்று கேட்டுவிட்டால் போதும் என்பதுபோல் ஆறு ஒரு நிமிஷம் நின்று, பிறகு ரேஷன் கடை முக்கில் திரும்பி, சந்தைப்பேட்டை வழியாக, வந்த வழியே போனது. மரத்தைப் பார்த்தோம், அது கூட்டோடு கோயிலுக்குப் போனது. ஆட்டையும் பாய்லரையும் பார்த்தோம். பாய்லர் போனதில் பீரான் பாய்க்குக் கொஞ்சம் வருத்தம், பட்டறைக்குள் வியாபாரம் நன்றாக இருந்ததாம்.

கரண்ட் வந்தது. தறிகள் ஓடின. ஆனால் பழைய மாதிரி ஓடவில்லை. தார் தீர்ந்துபோய் ஒருத்தி பெட்டியை நோக்கி விரலை நீட்டினால், மற்றவர்கள் பெட்டியைப் பார்த்து, ஆமாம், பெட்டி என்று தலையாட்டிச் சிரித்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். துணியில் இழை விட்டுப்போன கோடுகள் விழுந்தன. அத்தப்பன் தலையில் கையை வைத்துக்கொண்டு யோசித்து, கொண்டு வா என்பதற்குத் தொடையில் தட்ட வேண்டும் என்று புது ஏற்பாடு செய்தார். கூடவே, தொட்டில் குழந்தை விரல் நீட்டினால் பக்கத்துத் தறிக்காரி தறியை நிறுத்திவிட்டுப் பார்த்துச் சொல்லலாம் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு, அதை யாரும் காதில் வாங்கியிருக்கமாட்டார்கள் என்பதுபோல் வேகமாக வெளியே போனார்.

இருந்தாலும் தன்ஷிகா உட்கார்ந்தேதான் இருந்தாள். கோகிலா கும்பிடாத சாமியில்லை. அவளை வாசல் திண்டில் உட்கார வைத்து, தெருவில் போகிறதையெல்லாம் இரண்டு பேரும் பார்த்துப் பேசிக்கொண்டிருந்த ஒரு காலை, குழந்தை ஒரு கோழியைக் காட்டினாள்; கோகிலா "கோழி, குஞ்சு கூட்டிட்டுப் போகுது" என்றாள்; கோழி நிற்கவுமில்லை, வரவுமில்லை, தன் குஞ்சுகளோடு தெருமுனைக்குப் போய் மறைந்தது. தன்ஷிகா அந்த முனையையே பார்த்தாள். கண்ணை விட்டு மறைந்த ஒன்றைத் தேடிப் போக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது அப்போதுதான். இரண்டு கைகளையும் முன்னால் ஊன்றினாள். குப்புற விழுந்து, எழுந்து, முட்டி போட்டு, வாசல்படியைத் தாண்டி இறங்கித் தவழ்ந்து போனாள். குழந்தை முதன்முதலாகப் படி தாண்டினால் கொழுக்கட்டை அவிக்க வேண்டும், படியில் தேங்காய் உடைக்க வேண்டும்; அதற்கெல்லாம் அவள் நேரம் தரவில்லை. கோழிக்குப் பின்னால் அவள், அவளுக்குப் பின்னால் கோகிலா, கோகிலாவுக்குப் பின்னால் தறிகளை அப்படியே போட்டுவிட்டு நாங்கள், அடுத்து எதைக் காட்டுவாளோ பார்த்துவிடலாம் என்று, பஞ்சு படிந்த தலைகளோடு ஒரு கல்யாண ஊர்வலம் மாதிரிப் போனோம். ரகுபதி தூக்கம் கலைந்து, லுங்கியை இறுக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

முக்கில் டவுன் பஸ் திரும்பியது. டிரைவர் பிரேக்கின்மேல் எழுந்தே நின்றுவிட்டார். பஸ் ஒரு முழ தூரத்தில் நின்றது. தன்ஷிகா அதன் முன்னால் உட்கார்ந்து, பஸ்ஸை ஒரு பொருட்டாகவும் மதிக்காமல், பின்னால் திரும்பினாள். அவளைத் தன்போக்கில் விட்டுப் பின்தங்கி வந்ததில், நாலைந்து வீடு தள்ளி, வாயில் கையை வைத்தபடி கோகிலா நின்றிருந்தாள். குழந்தை விரலை நீட்டினாள்.

எங்களுக்குத்தான் இப்போது பழகிவிட்டதே. எல்லோரும் பார்த்தோம். டிரைவர் பார்த்தார், கண்டக்டர் படியில் தொங்கியபடி பார்த்தார், ஜன்னல்களில் பயணிகள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். இத்தனை வருஷம் கோகிலா என்றால் எங்களுக்குத் தெரிந்தது தறியில் குனிந்த ஒரு முதுகு மட்டும்தான். அன்றைக்குப் பார்த்தோம், புருவத்தில் ஒட்டிய பஞ்சை, நின்று நின்று ஒரு பக்கம் சாய்ந்த காலை, எத்தனை சின்னப் பெண் அவள் என்பதை.

"ஆமாங் கண்ணு, உங்கம்மா," என்றார் அத்தப்பன்.

"உங்கம்மாதான்," என்றார் கண்டக்டர், அந்த ஊர்க்காரர் இல்லையென்றாலும்.

கோகிலா குழந்தையைத் தூக்க ஓடப் பார்த்தாள். கால் அசையவில்லை. தன்ஷிகா காட்டி எல்லோரும் பார்த்துவிட்ட எதுவும் எங்கள் தெருவில் அவளிடம் வருவதில்லை. "ஐயோ, காலு வரமாட்டேங்குதுங்க," என்றாள் சிரிப்பும் அழுகையுமாக, ஒரு கையைத் தன்னையறியாமல் முன்னால் நீட்டிக்கொண்டு.

தன்ஷிகா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அம்மா வரவில்லை. அப்புறம் பஸ்ஸின் பம்பரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள், ஆடினாள், வர வேண்டியவள் தான்தான் என்று தெரிந்துகொண்டவளைப்போல பம்பரை விட்டாள்.